கண்ணீர் அஞ்சலி பேனர் முதல் வீட்டு பிளான் வரை... பெரிய பிரிண்ட் போடும் முன் கவனிக்க வேண்டியவை!

வீட்டில் ஒரு பெரியவர் இறந்துபோகிறார். விடியற்காலை நாலு மணி. ஒரு பக்கம் சொந்தபந்தங்களுக்கு போன், இன்னொரு பக்கம் ஐஸ் பெட்டிக்கு அலைச்சல். அந்த நேரத்தில்தான் யாராவது கேட்பார்கள்... "அப்பாவோட நல்ல போட்டோ ஏதாச்சும் இருக்கா? பேனர் அடிக்கணும், மாலை போட ஒரு படமும் வேணும்."

தேடினால் கிடைப்பது, 20 வருடத்துக்கு முந்தைய கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் நிற்கும் முகம். இல்லையென்றால் சுவரில் ஃப்ரேமுக்குள் தொங்கும் ஒரு படம். அவசரத்தில் செல்போனில் ஒரு கிளிக். டியூப்லைட் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, நெற்றிக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக்கோடு. அது வாட்ஸ்அப்பில் மச்சானுக்குப் போய், அவரிடமிருந்து பேனர் கடைக்குப் போய், காலை எட்டு மணிக்குத் தெருமுனையில் கட்டப்படும்போது, அப்பாவின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறி நிற்கும். "அப்பா மாதிரியே இல்லையே..." என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. அவரிடம் இருப்பது பல லட்ச ரூபாய் மெஷினாகவே இருக்கட்டும், அது பெரிதாக்கும், அவ்வளவுதான். நாம் கொடுக்காத கண்ணையும் மூக்கையும் அதனால் எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. போட்டோவோ, வீட்டு பிளானோ, பழைய பத்திரமோ, பெரிய சைஸில் ஸ்கேன் செய்யவோ பிரிண்ட் போடவோ போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை விஷயம் இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கட்டம் போட்டு வரைந்த காலம்

சென்னை மவுன்ட் ரோட்டில் சினிமா பேனர்களைக் கையால் வரைந்துகொண்டிருந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சின்ன ஸ்டில் போட்டோ ஒன்றின் மேல் கட்டம் போட்டுக்கொள்வார்கள். அதே எண்ணிக்கையில் பெரிய துணியிலும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கி வரைவார்கள். போட்டோவில் புருவம் சரியாகத் தெரியாவிட்டாலும் அந்த நடிகரின் புருவம் எப்படி இருக்கும் என்று ஓவியருக்குத் தெரியும். இல்லாததை அவர் கை நிரப்பிவிடும்.

2000-களில் ஃபிளெக்ஸ் மெஷின்கள் வந்து அந்தத் தொழிலை ஓரங்கட்டின. மெஷினும் கட்டம் போட்டுத்தான் பெரிதாக்குகிறது. அந்தக் கட்டத்துக்குத்தான் 'பிக்சல்' என்று பெயர். ஆனால், ஓவியர் செய்த அந்த இன்னொரு வேலையை அது செய்யாது. கொடுத்த கட்டத்தை அப்படியே ஊதிக் காட்டும்.

ஒரே போர்டு, மூணு மெஷின்

'பெரிய சைஸ் பிரிண்ட் போடப்படும்' என்று கடைவாசலில் ஒரே போர்டுதான் இருக்கும். உள்ளே இருப்பவை வேறு வேறு வேலைகளுக்கான மெஷின்கள்.

*பிளாட்டர்:* கட்டட வரைபடம், லேஅவுட், இன்ஜினீயரிங் டிராயிங் போடுவதற்கு. கோடு மெல்லியதாகவும் கூர்மையாகவும் விழ வேண்டும், அளவு துளியும் மாறக் கூடாது. இதுதான் அதன் வேலை. சாதாரண வெள்ளை பேப்பர் ரோலில் ஓடும்.

*போட்டோ பிரின்டர்:* இதுவும் ரோலில்தான் ஓடும். ஆனால், நாலு மைகளோடு நிற்காமல் 8 முதல் 12 மைகள் வரை இருக்கும். வெளிர் சாம்பல், வெளிர் நீலம் என்று இடைநிலை மைகள் இருப்பதால்தான் கன்னத்தின் நிழலும், வெள்ளைச் சட்டையின் மடிப்பும் திட்டுத் திட்டாகத் தெரியாமல் வழுக்கிக்கொண்டு வரும்.

*ஃபிளெக்ஸ் மெஷின்:* 10 அடி அகலம் வரை ஒரே ஓட்டத்தில் அடித்துத் தள்ளும். சால்வென்ட் வகை மை பிளாஸ்டிக் ஷீட்டில் ஒட்டிக்கொள்வதால் மழை, வெயில் தாங்கும். தூரத்தில் நின்று பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் புள்ளிகள் தெரியும். அது குறை இல்லை, அதன் குணமே அதுதான்.

மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான். ஷீட் மெல்ல நகர, அதன் மேல் பிரின்ட் ஹெட் இடமும் வலமுமாக ஓடி, நுண்ணிய துளைகள் வழியாக மையைத் தெளிக்கும். ஒரு துளை அடைத்துக்கொண்டாலோ, ஷீட் நகரும் அளவு சற்றுப் பிசகினாலோ படத்தில் கோடு கோடாக விழும். பிரிண்ட்டில் ஒரே சீரான இடைவெளியில் கோடுகள் தெரிந்தால் தப்பு உங்கள் படத்தில் இல்லை, மெஷினில். தயங்காமல் மறுபடி போட்டுத் தரச் சொல்லலாம்.

ஃப்ரேம் போட்டு வீட்டு ஹாலில் மாட்டப்போகும் படத்தை ஃபிளெக்ஸில் அடிப்பதும், வெயிலில் கட்டப்போகும் பேனரை போட்டோ பேப்பரில் அடிப்பதும் பணத்துக்குக் கேடு. கடையில் முதலில் சொல்ல வேண்டியது சைஸை அல்ல. 'இதை எங்கே மாட்டப்போறோம், எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பாங்க, எத்தனை நாள் இருக்கணும்' என்பதைச் சொல்லுங்கள்.

எவ்வளவு பெருசா போடலாம்? ஒரு சின்னக் கணக்கு

நம் கண் ஓர் அடி தூரத்தில் இன்ச்சுக்கு சுமார் 300 புள்ளிகள் வரை பிரித்துப் பார்க்கும். அதற்கு மேல் புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும். 3 அடி தள்ளி நின்றால் 100 புள்ளிகளே போதும். 10 அடி தள்ளி நின்றால் 30 போதும். கையில் பிடித்துப் பார்க்கும் ஆல்பத்துக்கு 300 புள்ளிகளும், சுவரில் மாட்டும் படத்துக்கு 100 முதல் 150 புள்ளிகளும் கேட்பது இதனால்தான்.

இப்போது உங்கள் போட்டோவுக்கு வருவோம். 12 மெகாபிக்சல் செல்போன் படம் என்பது, 4,000-க்கு 3,000 பிக்சல். இதை 300-ஆல் வகுத்தால் 13-க்கு 10 இன்ச். 150-ஆல் வகுத்தால் 26-க்கு 20 இன்ச். அதாவது, நல்ல வெளிச்சத்தில் ஆடாமல் எடுத்த ஒரு செல்போன் படத்தை இரண்டடிக்கு மேல் தாராளமாகச் சுவரில் மாட்டலாம். பெரிய கேமரா தேவையே இல்லை.

அப்புறம் ஏன் சொதப்புகிறது? முதல் காரணம், வாட்ஸ்அப். சாதாரணமாக அனுப்பினால் படம் சுமார் 1,600 பிக்சல் நீளத்துக்குச் சுருங்கிவிடலாம். மூணடி அகலத்துக்குப் போட்டால் இன்ச்சுக்கு 44 புள்ளிதான் தேறும். இரண்டாவது காரணம், குரூப் போட்டோவிலிருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுப்பது. அந்த முகத்தின் உயரம் 200 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டடி உயரத்துக்கு ஊதினால் ஒவ்வொரு பிக்சலும் 3 மி.மீ. கட்டமாகிவிடும். பாசிப்பயறு சைஸ். பேனரில் அப்பாவின் முகம் சிதறியது இப்படித்தான்.

தீர்வு சுலபம். வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள். சுருங்காமல் போகும். இ-மெயில், பென்டிரைவ் இன்னும் நல்லது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பழைய போட்டோவை ஸ்கேன் செய்யும்போது...

பழைய படங்களுக்கு ஒரு சுலப விதி உண்டு. எத்தனை மடங்கு பெரிதாக்கப் போகிறீர்களோ அதை 300-ஆல் பெருக்குங்கள். 4-க்கு 6 இன்ச் படத்தை 12-க்கு 18 ஆக்க வேண்டுமா? மூன்று மடங்கு. 900 டி.பி.ஐ-யில் ஸ்கேன் செய்தால் போதும்.

பாஸ்போர்ட் சைஸ் படம் மட்டுமே இருந்தால்? 3.5-க்கு 4.5 செ.மீ படத்தை 1,200 டி.பி.ஐ-யில் ஸ்கேன் செய்தால் சுமார் 1,650-க்கு 2,125 பிக்சல் கிடைக்கும். 12-க்கு 15 இன்ச் வரை போட்டு, மூணடி தள்ளி நின்று பார்க்கலாம். அதற்கு மேல் டி.பி.ஐ-யைக் கூட்டிக்கொண்டே போனால் முகம் கூடுதலாகத் தெரியாது. பேப்பரின் சொரசொரப்புதான் பெரிதாகத் தெரியும்.

அதனால்தான், அலமாரியைக் குடையும்போது நெகட்டிவ் இருக்கிறதா என்று பாருங்கள். 35 மி.மீ நெகட்டிவ் பார்க்கத்தான் தபால்தலை சைஸ். நெகட்டிவ்வுக்கென்று இருக்கும் ஸ்கேனரில் 3,200 டி.பி.ஐ வைத்தால் 3,000-க்கு 4,500 பிக்சல் வரும். 10-க்கு 15 இன்ச் படத்தை ஆல்பம் தரத்திலேயே போடலாம். ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டபோது விட்டுப்போன விவரங்கள்கூட நெகட்டிவ்வில் பத்திரமாக இருக்கும்.

இன்னும் சில விஷயங்கள்... கறுப்பு-வெள்ளைப் படமாக இருந்தாலும் கலர் மோடில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். மஞ்சள் கறையும் நீல மை கறையும் தனித்தனி நிறமாகப் பதிவானால்தான், பிறகு அவற்றைப் பிரித்து நீக்க முடியும். படத்தின் பின்பக்கத்தையும் ஒரு ஸ்கேன் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும், யாரோ பென்சிலில் எழுதிய வருடமும் அங்கேதான் இருக்கும்.

உள்ளே தள்ளலாமா, கூடாதா?

பெரிய சைஸ் ஸ்கேனர்களில் முக்கியமாக மூன்று வகை. இங்கே தப்பு செய்தால் திருத்த முடியாது. ஏனென்றால், நீங்கள் கொடுப்பது பெரும்பாலும் ஒரே ஒரு அசலாக இருக்கும்.

முதல் வகை, *ரோலர் ஸ்கேனர்.* ஒரு பக்கம் பேப்பரைச் செருகினால் உருளைகள் இழுத்து மறுபக்கம் தள்ளும். 36 இன்ச், 42 இன்ச் அகல பிளான்களை நொடிகளில் முடித்துவிடும். நல்ல நிலையில் இருக்கும் பிளானுக்கு இதைவிட வசதி இல்லை. ஆனால் மடிப்பில் இற்றுப்போன பத்திரம், செலோடேப் ஒட்டிய வரைபடம், ஸ்டேப்ளர் பின் இருக்கும் பேப்பர், துணியில் ஒட்டிய பழைய மேப், ஓவியம் ஆகியவற்றை இதில் விடவே கூடாது. உருளை இழுக்கும் இழுப்பில் கிழிந்தால் கிழிந்ததுதான்.

இரண்டாவது வகை, *பிளாட்பெட்.* கண்ணாடி மேல் படத்தைக் கவிழ்த்து வைப்பது. படம் நகராது, உள்ளே சென்சார்தான் நகரும். போட்டோக்களுக்கு இதுதான் பாதுகாப்பு. ஏ3, ஏ2 சைஸ்களில்கூட பிளாட்பெட் இருக்கின்றன.

மூன்றாவது வகை, *மேலிருந்து படம் எடுக்கும் ஸ்கேனர்.* பொருளை மேஜையில் மல்லாக்க வைத்துவிட்டு, மேலே இருக்கும் கேமரா படம் பிடிக்கும். எதுவும் பொருளைத் தொடாது. நூலகங்கள், ஆவணக் காப்பகங்களில் பழைய புத்தகங்களுக்கு இந்த முறைதான். வீட்டில் தஞ்சாவூர் ஓவியம் இருந்தால் அதற்கும் இதுதான் சரி. புடைத்து நிற்கும் தங்கத்தாள் வேலையையும், பதித்த கற்களையும் கண்ணாடியில் வைத்து அழுத்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஃப்ரேம் போட்ட பழைய போட்டோவில் இன்னொரு சிக்கல் உண்டு. ஈரம் இறங்கி, படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். அதைப் பிய்க்க முயற்சி செய்யாதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே மேலிருந்து படம் பிடிக்கச் சொல்லுங்கள். பிளாட்பெட்டில் வைப்பதாக இருந்தால், 'இது சி.சி.டி சென்சாரா?' என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மெலிதான, விலை குறைந்த ஸ்கேனர்களில் இருக்கும் சி.ஐ.எஸ் சென்சாருக்குக் கண்ணாடியை ஒட்டியிருக்கும் பொருள்தான் தெளிவாகத் தெரியும். நடுவில் 2 மி.மீ கண்ணாடி இருந்தாலே படம் மங்கிவிடும். சி.சி.டி வகை அந்த இடைவெளியைச் சமாளிக்கும்.

அதேபோல, மூலப் பத்திரத்தையோ பழைய படத்தையோ 'சேஃப்டிக்கு' லேமினேட் செய்யாதீர்கள். ஒருமுறை ஒட்டியதைச் சேதமில்லாமல் உரிக்க முடியாது. ஸ்கேன் எடுத்து, அந்த பிரிண்ட்டை லேமினேட் செய்துகொள்ளலாமே!

'ஏ.ஐ போட்டு கிளியர் பண்ணித் தர்றோம்!'

இப்போது பல கடைகளில் கேட்கும் வசனம் இது. மங்கிய படத்தைக் கொடுத்தால், இரண்டு நிமிடத்தில் கண் இமை முடிகூடத் தெரியும் அளவுக்குப் படம் வந்துவிடும். பார்த்ததும் ஆச்சர்யமாக இருக்கும்.

ஆனால், அந்த இமை முடி உங்கள் பாட்டியுடையது இல்லை. லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள், 'இந்த இடத்தில் இப்படி இருக்கலாம்' என்று ஊகித்து வரைந்தது. பேனர் ஓவியரும் ஊகித்துத்தான் வரைந்தார். ஆனால், அவருக்கு அந்த நடிகரின் முகம் தெரியும். மென்பொருளுக்கு உங்கள் பாட்டியைத் தெரியாது. அதனால் அம்மைத் தழும்பைக் கறை என்று நினைத்துத் துடைத்துவிடும். கோணல் பல்லை நேராக்கிவிடும். மூக்குத்தியை வேறு மூக்குத்தியாக மாற்றிவிடும். 'நல்லாத்தான் இருக்கு, ஆனா யாரோ மாதிரி இருக்கு' என்று வீட்டில் சொல்வது இதைத்தான்.

கறை நீக்குவது, கீறலை மறைப்பது, மங்கிய கறுப்பை மீட்பது ஆகியவற்றைத் தாராளமாகச் செய்யலாம். முகத்தை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாற்றிய படத்தை, அவரோடு வாழ்ந்த ஒருவரிடம் காட்டிவிட்டு பிரிண்ட்டுக்குக் கொடுங்கள். மிக முக்கியமாக, எதையும் மாற்றாத முதல் ஸ்கேனைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். 10 வருடம் கழித்து உங்கள் பேத்திக்கு அதுதான் பாட்டியின் முகம்.

வீட்டு பிளான்... ஒரு டிக் மார்க்கில் நாலரை இன்ச்!

போட்டோவில் முகம் எப்படியோ, பிளானில் அளவு அப்படி.

கட்டட வரைபடத்துக்கு 'புளூபிரிண்ட்' என்ற பெயர் வரக் காரணம், நிஜமாகவே அது நீலமாக இருந்ததுதான். 1842-ல் இங்கிலாந்தின் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறையில் நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள் விழுந்தன. பிறகு, நம் ஊர்களில் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா பிரிண்ட் வந்தது. இந்த முறைகளில் ஒரு நன்மை இருந்தது. டிரேசிங் ஷீட்டை மேலே வைத்து ஒளி பாய்ச்சி எடுப்பதால் நகலும் அசலின் சைஸிலேயே இருக்கும். இன்று பிளாட்டரில் கம்ப்யூட்டர் வழியாகப் போடும்போதுதான் அளவு மாறும் வாய்ப்பு வருகிறது.

ஒரு கணக்கு பாருங்கள். 1-க்கு 100 என்ற அளவுகோலில் 3 மீட்டர் அறை, பேப்பரில் 30 மி.மீ இருக்கும். பிரிண்ட் கொடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' என்ற இடத்தில் டிக் இருந்தால், மார்ஜினுக்காகப் படத்தை மெஷின் கொஞ்சம் சுருக்கிவிடும். 96 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால், 30 மி.மீ கோடு 28.8 மி.மீ ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேஸ்திரி ஸ்கேல் வைத்து அளந்தால் அறை 2.88 மீட்டர். 12 செ.மீ குறைவு. ஒரு நாலரை இன்ச் சுவர் அளவுக்கு இடம் காணாமல் போன மாதிரி!

ஏ1-ல் போட வேண்டிய பிளானை, காசு மிச்சம் என்று ஏ2-ல் போட்டால் கோடுகள் 71 சதவிகிதமாகச் சுருங்கும். 1-க்கு 100 என்று மூலையில் எழுதியிருப்பது அப்படியே இருக்கும். உண்மையில் அது 1-க்கு 141. வாசிப்பதற்கு அந்தச் சின்ன நகல் போதும், அளப்பதற்கு ஆகாது.

இதைத் தவிர்க்க மூன்று வழிகள். ஒன்று, '100 பர்சன்ட், ஆக்சுவல் சைஸ்ல போடுங்க' என்று சொல்லுங்கள். இரண்டு, பிளானில் நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று என்று 10 செ.மீ கோடுகள் இரண்டு போட்டுத் தரும்படி இன்ஜினீயரிடம் கேளுங்கள். பிரிண்ட் கைக்கு வந்ததும் கடையிலேயே ஸ்கேலை வைத்து இரண்டையும் அளந்து பாருங்கள். மூன்று, எழுதியிருக்கும் அளவை வைத்துத்தான் வேலை நடக்க வேண்டும், பேப்பரை அளந்து அல்ல என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள்.

பழைய பிளானை ஸ்கேன் செய்யும்போதும் இதே சோதனை உண்டு. ரோலர் ஸ்கேனரில் பேப்பர் கொஞ்சம் வழுக்கினால், அகலம் சரியாக இருந்து நீளம் மட்டும் மாறிவிடும். இன்னொன்று, இந்த ஸ்கேனரில் சென்சார் அசையாது, பேப்பர்தான் நகரும். கண்ணாடியில் ஒரு தூசி ஒட்டியிருந்தால் பிளானின் தலையிலிருந்து கால் வரை நேர்க்கோடாக இழுத்துவிடும். பிளானில் நேர்க்கோடு என்றால் சுவர் என்றோ, எல்லைக்கோடு என்றோ யாராவது படித்துவிட வாய்ப்பிருக்கிறது. அசலையும் ஸ்கேனையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குங்கள்.

'ஸ்கிரீன்ல நல்லா இருந்துச்சே!'

செல்போன் திரை தானே ஒளி விடுகிறது. பேப்பர், தன் மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. திரையை முழு பிரைட்னஸில் வைத்துப் பார்த்துவிட்டு பிரிண்ட்டைப் பார்த்தால் எப்போதும் 'டல்'லாகத்தான் தெரியும். பிரைட்னஸைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். பிரிண்ட் எப்படி வரும் என்பது ஓரளவு புரிந்துவிடும்.

சில நிறங்களை மையால் எட்டவே முடியாது. பளிச்சென்ற ராணி பிங்க், கிளிப்பச்சை போன்றவை சாதாரண நாலு கலர் மெஷினில் ஒரு படி இறங்கித்தான் வரும். கல்யாணப் பட்டுப்புடவையின் நிறம் முக்கியம் என்றால், கூடுதல் மைகள் உள்ள போட்டோ பிரின்டரைத் தேடிப்போவதில் அர்த்தம் இருக்கிறது. எப்படி இருந்தாலும் முழுப் படம் போடும் முன், முகமும் புடவையும் வரும் ஒரு பகுதியை மட்டும் அதே பேப்பரில், அதே சைஸில் ஒரு சாண் அகலத்துக்கு டெஸ்ட் பிரிண்ட் கேளுங்கள். அதற்குத் தனியாகக் கொஞ்சம் பணம் கேட்டாலும் கொடுக்கலாம்.

எத்தனை வருடம் இருக்கும் என்பதை மையும் பேப்பரும் முடிவு செய்யும். டை வகை மை பளபளப்பாக இருக்கும், வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். பிக்மென்ட் வகை மை நுண்ணிய நிறத்துகள்களால் ஆனது, நீண்டகாலம் தாங்கும். அமிலம் இல்லாத பேப்பரில் பிக்மென்ட் மையில் போட்டு, கண்ணாடிக்குள் வைத்து, நேர் வெயில் படாத சுவரில் மாட்டினால் பல பத்தாண்டுகள் இருக்கும். பிரிண்ட் கண்ணாடியைத் தொடாதபடி உள்ளே அட்டை பார்டர் வைக்கச் சொல்லுங்கள்.

ஓவியக் கடைகளில் 'ஜிக்ளே' என்று ஒரு பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1991-ல் அமெரிக்காவில் பாடகர் கிரஹாம் நாஷ் நடத்திய அச்சகத்தோடு வேலைசெய்த ஜாக் டுகேன், உயர்தர இங்க்ஜெட் பிரிண்ட்டுக்கு வைத்த பெயர் அது. தெளிப்பது என்ற பொருள் தரும் பிரெஞ்சு வார்த்தையிலிருந்து வந்தது. பெயரைப் பார்த்து விலை கொடுக்காமல், 'பிக்மென்ட் மையா? என்ன பேப்பர்?' என்று கேட்டு விலை கொடுங்கள்.

பேனர் கட்டுபவர்கள் கவனத்துக்கு...

2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், சாலையில் வைக்கப்பட்டிருந்த பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் சென்ற இளம் பொறியாளர் ஒருவர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். சந்தோஷமோ துக்கமோ, பொது இடத்தில் வைக்க உரிய அனுமதி வேண்டும். பெரிய பேனர் காற்றில் பாய்மரம் மாதிரி இழுக்கும். சாலை நடுவிலும், நடைபாதையிலும், மின்கம்பத்திலும் கட்டவே கூடாது. வீட்டு வாசல் சுவரில், கண் உயரத்தில் வைக்கும் 3-க்கு 2 அடி படமே போதும். அதற்கு ஃபிளெக்ஸும் வேண்டியதில்லை. பேப்பரில் போட்டு போர்டில் ஒட்டினால், பிறகு குப்பையில் சேரும் பிளாஸ்டிக்கும் மிச்சம்.

சொந்தமா மெஷின் வாங்கலாமா?

சின்ன இன்ஜினீயரிங் ஆபீஸ், ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு இந்த யோசனை வரும். ஏ1 பேப்பரின் அகலம் 594 மி.மீ என்பதால், ஏ1 வரை 24 இன்ச் மெஷின் போதும். ஏ0-க்கு 841 மி.மீ வேண்டும் என்பதால் 36 இன்ச் மெஷின் தேவை. ஆனால், முடிவு செய்ய வேண்டியது சைஸை வைத்து அல்ல, ஓட்டத்தை வைத்து. இங்க்ஜெட் மெஷின் சும்மா கிடந்தால் மை காய்ந்து துளைகள் அடைக்கும். அதைச் சுத்தம் செய்யவும் மைதான் செலவாகும். தினமும் வேலை இருந்தால் வாங்குங்கள். வாரத்துக்கு இரண்டு பிளான்தான் என்றால் கடையில் போட்டுக்கொள்வதே லாபம். மெஷினின் விலையைவிட மை, பிரின்ட் ஹெட் விலையையும், உங்கள் ஊருக்கு சர்வீஸ் ஆள் எத்தனை நாளில் வருவார் என்பதையும் முதலில் விசாரியுங்கள். ஆயிரக்கணக்கில் ஒரே காலண்டர் அடிக்க வேண்டுமென்றால் இது எதுவுமே சரிவராது. அதற்கு சிவகாசியின் ஆஃப்செட்தான்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

* இந்த சைஸுக்கு என் படத்தில் இன்ச்சுக்கு எத்தனை புள்ளி வருது?
* அசலை ரோலர்ல விடுவீங்களா, கண்ணாடி மேல வைப்பீங்களா?
* மை டையா, பிக்மென்ட்டா?
* பிளான் 100 பர்சன்ட் சைஸ்ல வருமா?
* டெஸ்ட் பிரிண்ட் கிடைக்குமா?
* ஸ்கேன் ஃபைலை டிஃப் ஃபார்மட்ல, எதுவும் மாத்தாம எனக்குக் கொடுப்பீங்களா?

கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். ஜேபெக் ஃபைலைத் திருத்தித் திருத்தி சேவ் செய்யும்போது ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் இழக்கும். டிஃப் ஃபைலில் அந்தப் பிரச்னை பொதுவாக இருக்காது. இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை...

நாலு மணி அவசரத்தில் நல்ல போட்டோவைத் தேட முடியாது. அதனால், இந்த ஞாயிற்றுக்கிழமை பரண் மேல் இருக்கும் டிரங்க் பெட்டியை இறக்குங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு படத்திலும் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்ய வேண்டியதைத் தனியாகப் பிரியுங்கள்.

அதோடு, ஜன்னல் ஓர வெளிச்சத்தில் அப்பாவையோ அம்மாவையோ நாற்காலியில் உட்காரவைத்து, செல்போனை ஆடாமல் பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல், அவர்களுக்குப் பிடித்த சட்டையிலோ புடவையிலோ நாலு படம் எடுங்கள். 'இப்ப எதுக்குடா இதெல்லாம்?' என்று வெட்கப்படுவார்கள். 'ஹால்ல மாட்டத்தான்' என்று சொல்லுங்கள். சொன்னபடி, அதில் ஒன்றைப் பெரிதாகப் போட்டு இப்போதே மாட்டிவிடுங்கள். அந்தப் படத்தை அவர்களும் பார்க்கட்டுமே!